மரக்காணத்தில் ஒட்டிய ஷெர்மன்

1

எனக்குப் பொறாமை அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வெளிநாட்டிலிருந்து ஒருவன் எழுதுகிறான் என்றால் பனியைப் பற்றியும் பிரிவைப் பற்றியும் நாலு வார்த்தை உருக்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் படிக்க உட்கார்ந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். பனி எனக்குப் பிடிக்காது. பிரிவு பழகிவிட்டது. பொறாமை மட்டும் இன்னும் பழகாமல் ஒவ்வொரு முறையும் புதிதாக வயிற்றைக் கிள்ளுகிறது.

பாரிசுக்கு வடக்கே, ரயிலில் அரை மணி தூரத்தில், ஓர் அடுக்குமாடியின் நாலாவது மாடியில் பதினைந்து வருடமாகக் குடியிருக்கிறேன். தபால் பிரிக்கும் இடத்தில் வேலை. மனைவி மார்த்தா புதுச்சேரிக்காரி. அவளுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் அந்தக் குடும்பத்துக்கே இந்த நாட்டுக் குடியுரிமை. அவளைக் கட்டிக்கொண்டுதான் மரக்காணத்திலிருந்து நான் இங்கே வந்து சேர்ந்தேன். ஒரே மகள் செலின், இப்போது பதினாலு வயது. மார்த்தா சொல்வாள், இத்தனை வருடத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அடுத்தவனைப் பார்த்து வயிறெரிந்ததுதான் என்று. மேல்வீட்டுக்காரனுக்கு நிழலில் கார் நிறுத்த இடம் கிடைத்தபோது ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அது உண்மை.

ஆனால் இந்தக் குறிப்புகளை எழுதவைத்த பொறாமை காரால் வந்ததல்ல. என் நடுவிரல் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் பீரங்கி வண்டியால் வந்தது. ஷெர்மன் என்ற அமெரிக்க டாங்கியின் சின்ன உருவம் அது. இப்போது என் மகளின் அறை ஜன்னலில் நிற்கிறது. அதை ஒட்டியவர்கள் என் மகளும், என் தம்பி அருளும். எனக்கு அதில் பங்கு கிடையாது.

2

எனக்கு யுத்தத்தில் ஆசை எதுவும் இல்லை. வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது என்று தெரியாமல் தெருச்சந்தைகளில் சுற்றுவேன். பழைய தட்டு, பழைய விளக்கு, பழைய பொம்மை எல்லாம் நடைபாதையில் பரப்பி வைத்திருப்பார்கள். அங்கே ஓர் அட்டைப்பெட்டியைக் கண்டேன். உள்ளே ஒரு டாங்கியின் துண்டுகள், பிளாஸ்டிக் சட்டத்தில் கோத்தபடி இருந்தன. சட்டத்திலிருந்து நறுக்கி, தாளில் உள்ள படத்தைப் பார்த்து ஒட்டினால் டாங்கி வந்துவிடும். பேச்சுத்துணை தேவையில்லாத வேலை. பிரெஞ்சில் நான் அதிகாரிகளை 'நீ' என்றும் பால்கடைப் பையனை 'தாங்கள்' என்றும் அழைத்துக்கொண்டிருந்த காலம் அது. வாயைத் திறக்காமல் செய்யும் எந்த வேலையும் எனக்குப் பிடித்தது.

பிறகு எங்கள் ஊர் நகரசபை மண்டபத்தின் கீழ்த்தளத்தில் இதற்கென்று ஒரு சங்கமே இருப்பது தெரிந்தது. புதன்கிழமை மாலைகளில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் கூடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒட்டுவார்கள். எட்டு வருடமாக நானும் போகிறேன். அங்கே எனக்கென்று ஓர் இடமும் உண்டு. பழைய சின்ன அளவுப் பெட்டிகள் விஷயத்தில் என் சொல்லுக்கு மரியாதை.

சின்ன அளவு என்றால் நிஜ டாங்கியில் எழுபத்தாறில் ஒரு பங்கு, அல்லது எழுபத்திரண்டில் ஒரு பங்கு. இந்த அளவில் முதலில் பெட்டி போட்டவர்களில் ஓர் இங்கிலாந்து கம்பெனி உண்டு. அறுபதுகளில் வந்த பெட்டிகள். உருவ அளவு நன்றாகத்தான் இருக்கும். மற்றதெல்லாம் குறை. ஆணித்தலைகள் கொண்டைக்கடலை அளவுக்குப் புடைத்து நிற்கும். சக்கரங்கள் ஆடும். சக்கரத்தைச் சுற்றிவரும் பட்டையை ரப்பர் மாதிரி ஒன்றில் செய்திருப்பார்கள். எந்தப் பசைக்கும் அது ஒட்டாது. முனையைச் சூடான திருப்புளியால் அழுத்தி உருக்கித்தான் சேர்க்க வேண்டும், அதுவும் பாதி நாள் விட்டுக்கொள்ளும். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை தலை. மேலே குழலோடு சுழலும் பகுதியை நாங்கள் தலை என்போம். நிஜ ஷெர்மனின் தலை வார்ப்பு இரும்பு, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். இங்கிலாந்துப் பெட்டியில் அது எவர்சில்வர் கிண்ணம் போல வழுவழுவென்று இருக்கும்.

பத்து வருடம் கழித்து ஜப்பான்காரன் வந்தான். அவனுடைய பெட்டியைத் திறந்தாலே கண் குளிரும். விளிம்பெல்லாம் கூர்மை, கொக்கிகள் நூல் மாதிரி, மூடியைத் திறந்து மூடலாம். ஆனால் அடிப்பாகம் கொஞ்சம் உயரம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஜப்பான் ஷெர்மன் செருப்புக்குப் பதில் கட்டை போட்டுக்கொண்டு நிற்பது தெரியும். இத்தாலிக்காரன் எண்பதுகளில் வந்து இருவரையும் தூக்கிச் சாப்பிட்டான் என்பார்கள். அது சரிதான், ஆனால் அவனைப் பிறகு பார்க்கலாம்.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. ஒரே பெட்டியிலேயே முதல் அச்சு வேறு, மறு அச்சு வேறு. இரும்பு அச்சு தேயத் தேய, துண்டுகளின் ஓரத்தில் பிசிறு வரும், நுணுக்கம் மழுங்கும். எங்கள் சங்கத்தின் மூத்தவரான ழெரார் ஐயா, இந்த நாட்டு வழக்கில் முசியே ழெரார், முதல் அச்சுப் பெட்டிகளாகவே வைத்திருக்கிறார். சிறுவனாக இருந்தபோது பிறந்தநாளுக்கு வந்தவையாம். நான் மறு அச்சோடு மல்லுக்கட்டுகிறேன். அவர் பெட்டியைத் திறந்து துண்டுகளைக் காட்டும்போதெல்லாம் எனக்கு அவருடைய பெட்டி மேல் வரும் ஆத்திரத்தை விட அவருடைய பிறந்தநாள்கள் மேல் வரும் ஆத்திரம் அதிகம்.

சங்கத்தின் வாசலில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை பழைய பெட்டிப் போட்டி நடக்கும். ஜெயித்த டாங்கி ஒரு வருடம் அந்த அலமாரியில், செய்தவர் பெயரோடு நிற்கும். போட்டிக்கு ஒரே விதிதான். பெட்டிக்குள் இருந்ததைத் தவிர வேறு எதையும் சேர்க்கக் கூடாது. பசைக்கும் பெயிண்டுக்கும் மட்டும் விலக்கு. எட்டு வருடத்தில் என் பெயர் அந்த அலமாரிக்குள் போனதில்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

3

சுனாமி அலை வந்ததற்கு அடுத்த கோடையில், 2005 ஆகஸ்டில், ஊருக்குப் போனோம். குடியுரிமை மாற்றிக்கொண்டவன் பிறந்த ஊருக்குப் போக விசா வாங்க வேண்டும். தூதரக ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டாள். சொந்த ஊர் என்றேன். படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை என்றாள். கடைசியில் மரக்காணத்துக்கு நான் சுற்றுலாப் பயணியாகப் போனேன்.

பயணப் பெட்டியில் இரண்டு ஷெர்மன்கள் இருந்தன. ஒன்று இங்கிலாந்து, மறு அச்சு, ஓரமெல்லாம் பிசிறு. இன்னொன்று ஜப்பான், நான் பல மாதம் தேடிப் பிடித்தது. ஊரில் மூன்று வாரம் சும்மா இருக்கும் நேரத்தில் இரண்டையும் நறுக்கி, தேய்த்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, சங்கத்தின் செய்திமடலில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று திட்டம். பசையும் பெயிண்டும் விமானத்தில் கொண்டுபோகக் கூடாது. ஆகவே துண்டுகளை மட்டும் தயார் செய்துகொண்டு வந்து இங்கே ஒட்டுவதாக எண்ணம். சென்னை விமான நிலையத்தில் சுங்கக்காரர் பெட்டியைத் திறந்து, படத்தைப் பார்த்து, பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். பெரியவரு நீங்க, இத வெச்சா விளையாடுவீங்க என்று கேட்டார். அந்த வேகத்தில் செலினுக்குப் பாதிச் சொற்கள் புரிந்திருக்காது. ஆனாலும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து நான் அவளோடு தமிழில் பேசுகிறேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள். என்னை பப்பா என்பாள். பத்து வயது வரை வீட்டில் என் மேசைக்கு வந்து நிற்பாள். கையில் ஒரு சக்கரத்தைக் கொடுத்தால் தலைகீழாகப் பிடிப்பாள். அப்படி இல்லம்மா, இப்படி என்பேன். அடுத்த துண்டுக்கும் அப்படி இல்லம்மா, இப்படி என்பேன். ஒரு நாள் வருவதை நிறுத்திவிட்டாள். அதன் பிறகு காதில் ஒயரை மாட்டிக்கொண்டாள், கதவைச் சாத்திக்கொண்டாள். அவளை எப்படியாவது மறுபடி மேசைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் சில வருடமாக என் ஒரே கவலை. அதற்காக வாங்கிய பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன.

ஊரில் என் தம்பி அருள் இருக்கிறான். என்னை விட நாலு வயது சின்னவன். குத்தகைக்கு எடுத்த உப்புப் பாத்திகளை வைத்துக்கொண்டு பிழைக்கிறான். அலை வந்த டிசம்பரில் பாத்திகளில் சேறு ஏறி, வழித்து எடுத்து, மறுபடி சமன் செய்து அப்போதுதான் உப்பு வார ஆரம்பித்திருந்தான். வெளிநாட்டில் இருக்கும் அண்ணனைப் பார்த்து ஊரில் இருக்கும் தம்பிதானே பொறாமைப்பட வேண்டும். எங்கள் வீட்டில் தலைகீழ். அருளிடம் குழந்தைகள் தானாக ஏறிக்கொள்ளும். நாய்கள் பின்னாலேயே போகும். கோயிலில் அவன் பாடினால் பாதிரியாரே திரும்பிப் பார்ப்பார். எதையும் அவன் முயற்சி செய்து நான் பார்த்ததில்லை. முயற்சி எல்லாம் நான் செய்வேன், பலன் அவனிடம் போய் உட்காரும்.

முதல் சில நாள் செலின் மின்விசிறிக்குக் கீழே படுத்துக் கிடந்தாள். நான் அவளைப் பிரம்மதேசம் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கல்வெட்டுகளைக் காட்டினேன். கொட்டாவி விட்டாள். அருள் விடியற்காலை உப்பளத்துக்குப் போய்விட்டுப் பத்து மணி வாக்கில் திரும்புவான். காலைக் கழுவிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் காதிலிருந்த ஒயரில் ஒன்றை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டான். அவ்வளவுதான் செய்தான். முழுப் பாட்டும் கேட்டு முடித்துவிட்டு, நல்லா இருக்குது என்றான். அன்றைக்கே அவள் அவனோடு பைக்கில் ஏறி அளத்துக்குப் போய்விட்டாள்.

4

என் மேசையில் இரண்டு பெட்டிகளைப் பார்த்த அருள், இது இன்னாண்ணா என்று கேட்டான். நான் அச்சு, பிசிறு, வார்ப்பு, எழுபத்தாறில் ஒரு பங்கு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு, பாப்பாவும் நானும் ஒண்ணு ஒட்டட்டுமா என்றான். செலின் எழுந்து உட்கார்ந்தாள்.

நான் இங்கிலாந்துப் பெட்டியைக் கொடுத்தேன். அதுதான் மட்டம் என்பதால் கொடுத்தேன். நல்லதை எனக்கு வைத்துக்கொண்டேன். பசை இல்லை, ஆகவே ஒட்ட முடியாது, இரண்டு நாளில் அலுத்துவிடும் என்றும் கணக்குப் போட்டேன்.

அருளுக்குப் பசை ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறைக்குப் போய் ஒரு பாட்டிலில் தின்னர் வாங்கி வந்தான். விளக்குமாற்றுக் குச்சியின் நுனியைத் தின்னரில் தொட்டு இரண்டு துண்டுகளின் சந்தில் வைத்தான். பிளாஸ்டிக் இளகி ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டது. தாளிலிருந்த படத்தை இருவரும் பார்க்கவே இல்லை. எது எங்கே பொருந்துகிறதோ அங்கே வைத்தார்கள். முன் சக்கரம் பின்னால் போனது. அவள் தப்பாக வைத்தால் அவன் சிரித்தான், அவன் தப்பாக வைத்தால் அவள் சிரித்தாள். அடுத்த அறையில் நான் ஜப்பான் துண்டுகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். எட்டு வருட சங்கத்தில் யாரும் டாங்கி ஒட்டிச் சிரித்ததில்லை.

ரப்பர்ப் பட்டை தின்னருக்கும் ஒட்டவில்லை. உள்ளுக்குள் எனக்கு ஆறுதலாக இருந்தது. மறுநாள் அருள் எக்கியார்குப்பத்தில் இருக்கும் கூட்டாளியிடமிருந்து வலை நைலான் நூலில் ஓர் இழை கேட்டு வாங்கி வந்தான். பட்டையின் இரண்டு முனையையும் செலினைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஊசியில் கோத்து இரண்டு தையல் வைத்து முடிச்சுப் போட்டுவிட்டான். தேடினால்தான் தெரியும்.

கெட்டது பெயிண்டில்தான். பட்டறையில் ஒரு மினி லாரிக்கு அடித்த பச்சையில் மிச்சம் கொடுத்திருந்தார்கள். கெட்டியாக இருந்ததென்று அருள் அதில் தின்னரை ஊற்றிக் கலந்து, துணியைச் சுருட்டித் தொட்டுத் தொட்டு ஒற்றினான். அதிலிருந்த தின்னர் டாங்கியின் தலையைத் தின்ன ஆரம்பித்தது. வழுவழுவென்று இருந்த தலை பொரிந்து, சுருங்கி, சின்னச் சின்னக் குழியாகிவிட்டது. அருள் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணா, உன் சாமானக் கெடுத்துட்டேன்."

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? அருளுக்கு ஒன்று வரவில்லை. என் கண்ணெதிரே, என் மகளின் கண்ணெதிரே, அருளுக்கு ஒன்று வரவே இல்லை. நான் பெரிய மனதோடு அவன் தோளைத் தட்டினேன்.

"பரவாயில்ல, தூக்கிப் போடுடா. மட்டமான பெட்டிதான் அது."

மட்டம் என்றால் என்ன என்று செலின் அருளைக் கேட்டாள். அவன் சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினான். அவள் மார்த்தாவிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஊரை விட்டுக் கிளம்பும்போது அந்த டாங்கியைத் தன் காலுறை ஒன்றுக்குள் வைத்து, விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

5

திரும்பி வந்த பிறகு வீட்டில் ஒரு புதுப்பழக்கம். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் செலின் டெலிபோன் கார்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போவாள். கதவு சாத்தியிருந்தாலும் குரல் கேட்கும்.

"இன்னா சித்தப்பா, அளத்துக்குப் போய்ட்டு வந்துட்டியா?"

பதின்மூன்று வருடம் நான் பேசிய தமிழ் அவள் நாக்கில் ஏறவில்லை. மூன்று வாரத்தில் அவனுடையது ஏறிவிட்டது. அப்படியே மரக்காணத்துப் பேச்சு. என்னிடம் மட்டும் பிரெஞ்சு. கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த என்னை மார்த்தா ஒரு நாள் பிடித்துவிட்டாள். சொந்தத் தம்பி மேலயுமா, என்றாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்தக் குளிர்காலம் முழுக்க ஜப்பான் ஷெர்மனில் உட்கார்ந்தேன். அடுத்த போட்டிக்கு இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். டாங்கியில் துரு வரவைக்க சங்கத்தில் ஒரு வித்தை உண்டு. முதலில் துரு நிறம் அடித்து, ஈரப்படுத்தி, மேலே உப்பைத் தூவி, காய்ந்ததும் பச்சை அடித்து, பிறகு உப்பைத் தட்டிவிட்டால் அந்த இடங்களில் துரு எட்டிப் பார்க்கும். எல்லோரும் கடையில் விற்கும் சாப்பாட்டு உப்பைப் போடுவார்கள். உப்பளத்து ஊரில் பிறந்தவனுக்குக் கடை உப்பா? அருளின் அளத்திலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தேன். கல் கல்லாக, அழகாக இருக்கும். புதன்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு வைத்து, என் ஊர் உப்பு என்று பெருமையாகச் சொல்லித் தூவினேன்.

அது காயவே இல்லை. அளத்திலிருந்து நேரே வந்த உப்பு, இந்த ஊர் ஈரத்தை இழுத்து இழுத்துக் கசிந்தது. மழைக்காலத்தில் எங்கள் வீட்டு உப்புப் பானை தண்ணீர் விட்டு நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன், அதை மறந்துபோனேன். அடியிலிருந்த பெயிண்ட் கொப்புளித்து உரிந்துவிட்டது. முசியே ழெரார் தன் கடை உப்பு டப்பாவை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, உப்பே இல்லாமல், துருவே இல்லாமல் மறுபடி ஒருமுறை அடித்து முடித்தேன். மிகச் சுத்தமாக வந்தது. கடையில் இருப்பது போல் இருந்தது.

6

போட்டி போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மண்டபத்தில் நீள மேசைகள், பச்சைத் துணி, ஒவ்வொரு டாங்கிக்கும் ஒரு சின்ன அட்டையில் பெயர். என் ஷெர்மனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் அடுத்த மேசையில் செலின் நிற்கிறாள். காலுறையிலிருந்து அந்தப் பச்சை டாங்கியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். சேர்ந்துகொள்ள என்னிடம் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நான் ஒட்டி வைத்திருந்த அறிவிப்பைப் பார்த்து நேரே முசியே ழெராருக்குப் போன் செய்திருக்கிறாள். அட்டையில் செலின் என்றும் அருள் என்றும் எழுதியிருந்தாள்.

முசியே ழெராரும் இன்னும் இருவரும் நடுவர்கள். என் மேசையில் நின்று, மிகச் சுத்தம் என்று சொல்லி நகர்ந்துவிட்டார்கள். அடுத்த மேசையில் நின்றவர்கள் நகரவே இல்லை. முசியே ழெரார் பூதக்கண்ணாடியை எடுத்தார். டாங்கியின் தலையைப் பார்த்தார், மற்றவர்களைப் பார்க்கச் சொன்னார். அறுபதுகளின் இங்கிலாந்துப் பெட்டி, அதுவும் மறு அச்சு, இதில் வார்ப்பு இரும்பின் தோல் எப்படி வந்தது என்று கேட்டார். பட்டறைத் தின்னர் தின்ற அந்தக் குழிகள் நிஜ ஷெர்மனின் தலை மாதிரியே இருந்தன. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. அந்தத் தோலுக்காக நான் பசையும் மாவும் பல்துலக்கும் பிரஷ்ஷுமாக எத்தனை தலைகளைப் பாழாக்கியிருக்கிறேன். மூன்று பெரிய மனிதர்கள் என் மகளைச் சுற்றி நின்று கேள்வி கேட்டார்கள். அது தெரியாமல் நடந்தது, கெட்டுப்போச்சுன்னு எங்க சித்தப்பா பயந்துட்டார் என்று அவள் பிரெஞ்சில் சொல்ல, அவர்கள் சிரித்தார்கள். ஜெயிப்பது அவள்தான் என்று தெரிந்துவிட்டது. கண்ணாடி அலமாரியில் அருளின் பெயர். ஒரு வருடம் ஒவ்வொரு புதன்கிழமையும் நான் அதைத் தாண்டிப் போக வேண்டும்.

முசியே ழெரார் டாங்கியைத் திருப்பிப் பார்த்தார். பட்டையில் அவருடைய விரல் நின்றது. நகத்தால் நெருடினார்.

"இது நூலா?"

செலினின் முகம் மாறியது. விதியை அவளும் படித்திருக்கிறாள், ஆனால் ஓர் இழை நூலை அவள் ஒரு பொருளாகவே நினைத்திருக்க மாட்டாள். முசியே ழெரார் அவளைக் கேட்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். பழைய பெட்டி விஷயம் என்றால் என்னைக் கேட்பது வழக்கம். இந்தப் பெட்டியில் இது உண்டா என்றார்.

இல்லை என்று ஒரு வார்த்தை. அதுதான் உண்மையும். சொல்லியிருந்தால் அலமாரியில் அருள் இல்லை. ஒருவேளை நானே இருந்திருக்கலாம். ஆனால் அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். என் மேசைக்குப் பக்கத்தில் சக்கரத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தபடி நின்றவள்தான் இவள். அவள் முகம் விழுவதை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"உண்டு," என்றேன். "இங்கிலாந்துக்காரன் ஆரம்பத்தில் பட்டை தைக்க நூல் வைத்துக் கொடுத்தான். பல பெட்டிகளில் தொலைந்துபோயிருக்கும்."

முசியே ழெராரின் வாய் திறந்தபடி நின்றது. இத்தனை முதல் அச்சுப் பெட்டிகளில் அவர் அப்படி ஒரு நூலைப் பார்த்ததில்லை. ஆனாலும் நம்பினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்ளப் போனார். நான் பொய் சொல்வேன் என்று யாருக்கும் தோன்றாது. எனக்கே தோன்றவில்லை.

"நோன், பப்பா," என்றாள் செலின். இல்லை என்பதை அமைதியாகத்தான் சொன்னாள். பிறகு அவர்களிடம், அது வலை நூல், பெட்டியில் வந்ததல்ல, சித்தப்பா தைத்தது என்றாள். நான்தான் பட்டையைப் பிடித்துக்கொண்டேன் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

டாங்கி போட்டியிலிருந்து வெளியே போனது. அலமாரி இடம் ஓர் இத்தாலிப் பெட்டிக்குக் கிடைத்தது. என் பக்கம் யாரும் திரும்பவில்லை. முசியே ழெரார் பேனாவை மூடிப் பைக்குள் செருகிக்கொண்டார். அடுத்த புதன்கிழமை நான் ஏதாவது ஒரு பெட்டியைப் பற்றிச் சொன்னால் அவர் சரிபார்த்துக்கொள்வார்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம், நான் பக்கத்தில். டாங்கி அவள் மடியில். நாலைந்து நிறுத்தம் போன பிறகு கேட்டாள், தமிழில்.

"ஏன் பொய் சொன்ன?"

தெரியல என்றேன். அவள் சிரித்தாள். அடுத்த நிறுத்தத்திலும் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் பொய் சொன்னபோது காது சிவந்துபோனதை நடித்துக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் கார்டை எடுத்தாள். இந்த முறை அறைக்குள் போகவில்லை. கூடத்திலேயே நின்றபடி நம்பரை அழுத்தினாள். தலையைப் பார்த்து அவர்கள் அசந்துபோனதைச் சொன்னாள், நூலால் மாட்டிக்கொண்டதைச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே, "அப்பா எனக்காகப் பொய் சொல்லிச்சு சித்தப்பா," என்றாள். என்னை அவள் அப்பா என்று சொல்லி நான் கேட்டதில்லை. அருள் அந்தப் பக்கம் என்னவோ கேட்டான். ஆமா, எல்லார் எதிர்லயும் என்றாள். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினாள். சித்தப்பா உன்னைக் கேட்கிறார் என்றாள்.

என்ன சொல்லிச் சிரிக்கப்போகிறானோ என்று வாங்கினேன். அவன் சிரிக்கவில்லை.

"நெசமாவா அண்ணா? நீயா சொன்ன?"

ஆமாம் என்றேன்.

"எனக்காக ஒரு தடவ சொல்லியிருக்கியா நீ? ஸ்கூலுக்குப் போவாம ஏரில குளிச்சுட்டு வந்தா, அப்பா கேக்கறதுக்கு முன்னாடி நீயே சொல்லிடுவ. எத்தன அடி வாங்கியிருப்பேன்." பிறகு சொன்னான், "குடுத்து வெச்ச பொண்ணுண்ணா அது."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். என் வாயிலிருந்து எத்தனையோ தடவை வந்த குரல் அது. அருளிடமிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. இருடா, வெச்சுடாத என்றேன். பக்கத்தில் செலின் தன் சித்தப்பாவோடு மறுபடி பேச வேண்டும் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் போனைக் கொடுக்கவில்லை.